போய்ச்சேரும் நேரம்

இக்காலத்து மோட்டார் வண்டிகளில் வழிகாட்டுங் கருவியொன்று அமைந்திருத்தலை யாவரும் அறிவர். சேரவேண்டிய இடத்தைக் குறித்த மாத்திரத்தில், இத்தனை மணிக்குச் சேர்வீர் என்று அது விடையிறுக்கின்றது. முன்னே கிடக்கும் வழியைக் கண்ணாற் காணாத யந்திரம் இதனை எங்ஙனம் அறிகின்றது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்கண், வண்டி நிற்குமிடம் தெரிதல் வேண்டும். ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்திற் பூமியைச் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் தத்தம் நேரத்தை இடையறாது அறிவிக்கின்றன. நான்கு கோள்களின் செய்தியேனும் எட்டினால் கருவி தன் இடத்தைக் கணித்துக்கொள்ளும். இதுபற்றிப் பலரும் எழுதியிருத்தலின் யாம் விரித்திலம்.

அடுத்தது வழி. சாலைகளனைத்தும் கருவிக்கு ஒரு வலையேயாம். சந்திகள் முடிச்சுகள், சந்திகளுக்கு இடைப்பட்ட சாலைத் துண்டுகள் கயிறுகள். ஒரு துண்டின் நீளத்தை அதன்கண் வண்டிகள் செல்லும் வேகத்தால் வகுப்பின், அதனைக் கடக்கும் நேரம் பெறப்படும். இந்நேரங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைந்த வழியைத் தேரும் முறையொன்றை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர் 1959-ல் வெளியிட்டார். இன்றைய முறைகள் பலவும் அதினின்று கிளைத்தனவே.

இதுவரை கணக்கு எளிது. எந்த வேகத்தைக் கொள்வது என்பதிற்றான் இடர்ப்பாடெல்லாம். சட்டம் அனுமதித்த வேகத்தையே கொள்வோமாயின், திங்கட்கிழமைக் காலைக்கும் ஞாயிறு நள்ளிரவுக்கும் வேற்றுமை இராது. ஆதலின், வண்டிகளிலும் பிரயாணிகளின் கைப்பேசிகளிலுமிருந்து திரண்ட செய்திகளைக்கொண்டு, ஒவ்வொரு துண்டிற்கும் கிழமைவாரியாகவும் மணிவாரியாகவும் வழக்கமான வேகம் குறித்துவைக்கப்படுகின்றது. இக்கணத்து வேகமும் அதனோடு சேரும். ஆயின், நாற்பது நிமிஷங் கழித்து நாம் அடையும் பாலத்திற்கு இப்போதுள்ள வேகம் பயன்படுமோ? அப்போது இருக்கப்போகும் வேகமன்றோ வேண்டும்! அண்மைத் துண்டுகளுக்கு இக்கணத்துச் செய்தியும், சேய்மைத் துண்டுகளுக்குப் பழைய வழக்கமும் பெரிதும் துணையாதல் இதுபற்றியே. நெரிசல் ஒரு துண்டினின்று அடுத்ததற்குப் பரவும் இயல்பையுங் கற்கவல்ல நரம்புவலைக் கணிப்பு முறையைக் கூகிள் கம்பெனியார் 2020-ல் அறிவித்தனர்.

எனினும் கருவிக்குப் புலனாவது வேகமேயன்றி அதன் காரணமன்று. சைமன் வெக்கர்ட் என்னும் கலைஞர் 99 கைப்பேசிகளை ஒரு சிறு கைவண்டியிலிட்டுப் பெர்லின் நகரத் தெருக்களில் மெல்ல இழுத்துச் சென்றார். அவர் 2020-ல் வெளியிட்ட படக்காட்சியில், வண்டிகளற்ற தெரு கருவியின் கண்ணுக்கு நெரிசலுற்ற தெருவாய்ச் சிவந்து தோன்றுகின்றது. மேலும், அது கூறும் ஒரே நேரத்தின் பின்னே முன்பின்னான பல நேரங்கள் மறைந்துள்ளன. நண்பரைக் காணச் செல்வோனுக்குப் பத்து நிமிஷத் தாமதம் பொருட்டன்று. ரயிலைப் பிடிக்கச் செல்வோனுக்கோ அதுவே முழுநஷ்டம். இருவர்க்கும் கருவி ஒரே எண்ணைத்தான் காட்டும்.

இதனினும் பெரிதொன்றுண்டு. வானிலை அறிவிப்பால் மழை மாறுவதில்லை. இக்கருவியின் கணிப்போ சாலையையே மாற்றிவிடுகின்றது. அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்து லியோனியா என்னும் சிற்றூர் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தருகே உள்ளது. பெருஞ்சாலை நெருக்குண்டபோதெல்லாம் கருவிகள் வண்டிகளை அவ்வூர்க் குறுந்தெருக்களிற் திருப்பின. தெருக்கள் நிறைந்து வருந்திய ஊரார், 2018 ஜனவரியில், காலை மாலை நெரிசல் வேளைகளில் ஏறக்குறைய 60 தெருக்களை அயலார்க்கு அடைத்தனர். அத்தடை செல்லாதென அவ்வாண்டே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழிப்போக்கர்க்கு மிஞ்சிய நிமிஷங்களைக் கருவி கணக்கிற் காட்டிற்று. அவ்வூரார் இழந்த நிமிஷங்கள் அக்கணக்கில் இடம்பெறவில்லை.