டிகோடர் பொருத்துமுன் ஒரு சோதனை
மாதிரி ரயில் எஞ்சினுக்குள் டிகோடர் வைக்க விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். தண்டவாளம் வழியே வரும் டிஜிட்டல் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சிறு சாதனம் அது. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வரவழைக்க வேண்டியிருப்பதால், கருகினால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

முதலில் பழையபடி 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் எஞ்சினை முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். திக்கினால் சக்கரங்களைத் துடைத்து, ஒரு துளி எண்ணெய் இடவும். ஓட்டத்தில் உள்ள குறையை டிகோடர் தீர்க்காது.

அடுத்து, சக்கரம் சுழலாமல் ஒரு கணம் பிடித்து, மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அளக்கவும். 1 ஆம்பியர் டிகோடர் என்றால் அளவு அதற்குள் இருக்கவேண்டும்.

கடைசியாகப் பழைய ஒயர்களைக் கழற்றியபின், மோட்டாரின் இரு முனைகளுக்கும் சக்கரங்கள், அடிச்சட்டம் இவற்றுக்கும் இடையே மின்தொடர்பு அறவே இல்லையென உறுதி செய்யவும். டிகோடர்கள் கருகுவது பெரும்பாலும் இதனால்தான். எஸ்.பி. ரோட்டில் நான் வாங்கிய சாதாரண மல்டிமீட்டரே இவ்வளவுக்கும் போதும்.