எண்ணூர்க் கரையின் சிவப்புத் தட்டான்கள்

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குச் சிறு பிராயத்தில் தட்டான் என்றால் இரண்டே ஜாதிதான்: ஒன்று சிவப்பு, மற்றது மஞ்சள். மழை விட்டு வெயில் ஏறும் காலை வேளைகளில், ரயில்வே மதிலோரம் தேங்கிய நீரின்மேல் அவை வட்டமிடும்போது, மூச்சை அடக்கிப் பின்புறமாகப் பதுங்கிச் சென்று வாலைப் பிடித்ததும், அதில் நூலைக் கட்டிப் பறக்கவிட்டதும், கால்களுக்கிடையே பொடிக்கல்லைக் கொடுத்து அது தூக்குவதைப் பார்த்து ஆரவாரம் செய்ததும் இன்று நினைத்தால் நெஞ்சை உறுத்துகின்றன. ஒரு சிவப்புத் தட்டானுக்கு இரண்டு மஞ்சள் தட்டான் என்று எங்களுக்குள் பண்டமாற்றுகூட நடந்தது. அந்த வியாபாரத்தில் பல சமயம் ஒரே இனத்தையே கொடுத்து ஒரே இனத்தையே வாங்கிக்கொண்டிருந்தோம் என்பது, நெடுங்காலம் கழித்துத் திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் நீர்க்கரைகளில் நின்று நிதானமாகப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

சிவப்புத் தட்டானை இன்னதென்று அடையாளம் காண விரும்புகிறவர் முதலில் அதன் சிவப்பை மறந்துவிட வேண்டும். இந்த இனங்களில் பெரும்பாலானவற்றில் முதிர்ந்த ஆணே சிவப்பு. பெண் வைக்கோல் மஞ்சள். ஆணும் இளமையில் அதே மஞ்சள். நீரைவிட்டு வெளியேறித் தோலுரித்த சில நாட்களில்தான் ஆணின் உடல் சிவக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த ரியோ ஃபுதஹாஷியும் அவருடைய சகாக்களும் 2012இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதன் இரகசியத்தை வெளிப்படுத்தியது. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஆதாரமான நிறமி ஒன்றே. அது ஆக்ஸிஜனேற்றம் பெற்ற நிலையில் மஞ்சளாகவும், ஒடுக்கம் பெற்ற நிலையில் சிவப்பாகவும் தோன்றுகிறது. நெல்லிக்காயிலும் எலுமிச்சையிலும் உள்ள வைட்டமின் சி போன்ற பொருளை மஞ்சள் தட்டானின் உடலில் செலுத்தினால் அது சிவந்துவிடுகிறது என்று அவர்கள் பிரத்யட்சமாகக் காட்டினார்கள். அந்தப் பரிசோதனைக்கு உட்பட்ட இனங்களுள் ஒன்று நம் ஊர்க் குளங்களில் சாதாரணமாகக் காணப்படும் குரோகோதெமிஸ் செர்விலியா.

வர்ணம் இப்படிக் கைவிட்டால் வேறு எதை நம்புவது? இறக்கையின் அடிப்பாகத்தையும், வால் என்று நாம் வழங்கும் வயிற்றின் பத்துக் கணுக்களையும், எல்லாவற்றுக்கும் மேலாக அது எந்த நீரருகே அமர்ந்திருக்கிறது என்பதையும் நம்ப வேண்டும். இந்திய மருத்துவப் பணியில் இராணுவ வைத்தியராக இருந்த ஃபிரேசர் 1933க்கும் 1936க்கும் இடையில் வெளியிட்ட மூன்று பாகப் பெருநூலில் இறக்கை நரம்புகளை எண்ணி எண்ணி இனம் பிரித்திருக்கிறார். கரையில் நின்று பார்ப்பவருக்கு அவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது.

கோயில் குளத்துக் கோரையின் நுனியில் ஒரு செர்விலியாவை மூன்றடி தூரத்தில் நின்று கால் நாழிகை பார்த்திருக்கிறேன். முகம், கண், மார்பு, கால் எல்லாம் ஒரே குங்குமச் சிவப்பு. வயிற்றின் முதுகுப்புறத்தில் தலைமயிரிழை போல் ஒரு கறுப்புக் கோடு. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் தேன் தடவினாற்போன்ற சிறு திட்டு. மற்றபடி இறக்கை கண்ணாடி. அதே குளத்தில், சிவப்பின்மேல் ஊதா கலந்து, இறக்கை நரம்புகளும் சிவந்திருந்தால் அது டிரைதெமிஸ் அரோரா. அரோரா என்றால் வைகறை, பொருத்தமான பெயர். வயிற்றின் எட்டாம் ஒன்பதாம் கணுக்களில் கரும்புள்ளியும், பின்னிறக்கையின் அடியில் அழுத்தமான பழுப்புத் திட்டும் இருந்தால் உரோதெமிஸ் சிக்னேட்டா.

ஆனால் வடசென்னையில் ஒருவர் தினந்தோறும் காணும் செந்நிறத் தட்டான் இவற்றுள் எதுவுமன்று. எர்ணாவூர்ப் பக்கம் ஒரு சாக்கடைக் கால்வாயின் கரையில், பாதி புதைந்த பிளாஸ்டிக் புட்டியின் கழுத்தில் அமர்ந்திருந்த ஒன்றைக் குனிந்து பார்த்தேன். செர்விலியாவின் பின்னிறக்கை 27 முதல் 38 மில்லிமீட்டர்; இதற்கு 20 முதல் 23தான். உடல் சிவப்பு என்பதைவிடச் செம்மஞ்சள். இறக்கையின் பாதிக்குமேல், நுனியருகே உள்ள சிறு முத்திரை வரைக்கும், ஆரஞ்சு வர்ணம் பரவியிருந்தது. இந்த ஒரு லட்சணம் போதும். ஆணை வேறொன்றாக மயங்க இடமில்லை. இதற்கு பிராகிதெமிஸ் கன்டாமினேட்டா என்று பெயர். லத்தீனில் கறைபட்டது என்று பொருள். லின்னேயஸின் மாணாக்கரான ஃபப்ரீஷியஸ் அப்பெயரைச் சூட்டிய 1793இல் மணலியிலோ எண்ணூரிலோ ஒரு புகைபோக்கியும் எழவில்லை. பிற தட்டான்கள் விலகிப்போகும் அழுக்கு நீரிலும் இதன் குஞ்சுகள் கொசுப்புழுவைத் தின்று வளர்கின்றன. ஒரு நீர்நிலையில் முன்பிருந்த செர்விலியாவும் அரோராவும் மறைந்து, இது ஒன்றே பல்கிப் பெருகியிருக்கக் கண்டால், அந்நீருக்கு என்ன நேர்ந்தது என்று வேறெவரையும் கேட்க வேண்டியதில்லை.

நான் நெடுநாள் தேடிச் சென்றது உவர்நீரை விரும்பும் மேக்ரோடிப்ளாக்ஸ் கோரா. ஆப்பிரிக்கக் கீழ்க்கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை கடலோரத்தையே பற்றி வாழும் இனம் அது. கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தைவிட அதற்கு ஏற்ற இடம் நம் நகரத்தில் இல்லை. ஆனால் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து அந்த முகத்துவாரம் மேடிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், நீரிலும் அலையாத்திச் செடிகளிலும் படகுகளிலும் கரியாய் ஒட்டியது. அந்தக் காட்சியைப் பத்திரிகைகளில் கண்ட நாளில், மீனவர்களின் துயரத்தோடு கூட, அச்செடிகளின் அடியில் நீருக்குள் வளர்ந்துகொண்டிருந்த தட்டான் குஞ்சுகளின் நினைவும் எனக்கு வந்தது.

பிறகொரு மாசி மாதத்துக் காலையில் அங்கே போனேன். இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், நான் கழிகளையே அண்ணாந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "என்னா சார் தேடுற?" என்றார்.

"தட்டான் பெரியவரே. சிவப்பா, முதுகுல கறுப்பு இருக்கும்."

"அதுவா? முன்னெல்லாம் வலைக்கு நட்ட கழி ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு குந்திக்கினு இருக்கும். காத்து எங்கேருந்து வருதுன்னு அத வெச்சித்தான் பாப்போம். காத்துக்கு மூஞ்சியக் காட்டித்தான் குந்தும். இப்போ அங்கொண்ணு இங்கொண்ணு. அதோ பாரு."

அவர் காட்டிய கழியின் நுனியில் அது இருந்தது: மங்கிய சிவப்பு, கணுக்குக் கணு தொடரும் கருங்குறிகள், அகன்ற தெளிந்த இறக்கை, அதன் அடியில் ஒரு சிறு பழுப்புப் பொட்டு. முகம் மேற்கே, மணலிப் பக்கம் திரும்பியிருந்தது. பதினொரு மணி சுமாருக்குக் கடற்காற்று எழுந்தபோது, அது ஒருமுறை மேலெழுந்து வட்டமிட்டு, மீண்டும் அதே நுனியில், இம்முறை கிழக்கு நோக்கி அமர்ந்தது.