மலைநாட்டு விளைபொருளும் சமூக ஊடகச் சந்தையும்

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20 ஆம் திகதி மாலை இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதனைத் தொடர்ந்த வாரங்களிலே வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளை முதலிய பகுதிகளில் அறுவடைக்கு வந்திருந்த கோவா, லீக்ஸ், கரட், போஞ்சி என்பன வாங்குவாரின்றித் தேங்கின. அதே வேளையில் நகரங்களில் வீட்டினுள் அடைபட்டிருந்தோர் மரக்கறிக்குத் தவித்தனர். இவ்விரு சாராரையும் இணைக்க அன்று பெரிதும் உதவியது கையடக்கத் தொலைபேசியே. சிறு லொறி வைத்திருந்தோர் வட்ஸ்அப் வாயிலாகவும் முகநூல் வாயிலாகவும் கட்டளைகளை ஏற்று, மரக்கறிகளைப் பொதிகளாகக் கட்டி வீடு வீடாகக் கொண்டு சேர்த்தனர்.

தேயிலைக்கும் அந்நாட்களில் இடர் நேர்ந்தது. 1883 ஆம் ஆண்டில் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், வாங்குவோர் ஒரு மண்டபத்திற் கூடி வாயால் விலை கூறும் முறையிலேயே நெடுங்காலம் நடந்து வந்தது. 2020 ஏப்ரில் மாதத்தில் அது முதன்முறையாக மின்னியல் வழிக்கு மாற்றப்பட்டது.

தேயிலை, ஏலம் வேறு வழிக்கு மாறும்வரை களஞ்சியத்திற் காத்திருந்தது. லீக்ஸ் அவ்வாறு காத்திருக்கவில்லை. எந்தச் சமூக ஊடகத்தைக் கைக்கொள்வது என்று எண்ணும் கமக்காரர் முதலிற் கருத வேண்டியதும் இதுவே. பொருள் எத்தனை நாள் கெடாதிருக்கும், அதனை உண்பவர் எவ்வளவு தூரத்தில் உள்ளார் என்னும் இரண்டையும் அறிந்தபின்னரே தளத்தைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். அயலவர் ஒருவர் முகநூலில் பெயர் பெற்றார் என்பதற்காகத் தாமும் அதனையே தொடங்குவோர் பலர். அவர் விற்றது பூங்கன்றாகவும் தாம் விற்பது தக்காளியாகவும் இருக்கக்கூடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

விரைவிற் கெடும் பொருள்கள்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயனுக்குப் பின்னேயுள்ள ஐந்து பேர்ச்சஸ் நிலத்தில் போஞ்சியும் கறிமிளகாயும் செய்யும் குடும்பமொன்றை எடுத்துக்கொள்வோம். கொழுந்து பறித்து வந்த பின்னர் வீட்டுப் பெண்களே அதற்கு நீர் பாய்ச்சுகின்றனர். பறித்த காயைச் சாக்கிற் கட்டிப் பாதையோரத்தில் வைத்தால், அங்கு வரும் வியாபாரி சொல்வதே விலை. அவர் சொல்லும் விலை நியாயமானதாகவும் இருக்கலாம். ஆயினும் இரண்டாவது விலையொன்று கேட்டறியாத குடும்பத்துக்கு அஃது நியாயமா அன்றா என்று தெரிய வழியில்லை. பறித்த காய் மறுநாள் வாடிவிடும் என்பது வியாபாரிக்கும் தெரியும்.

இத்தகைய குடும்பத்துக்கு ஏற்றது வட்ஸ்அப். உணவுக்கடை, சில்லறைக்கடை, ஆசிரியர் விடுதி, மருத்துவமனை ஊழியர் என அண்மை நகரிலே தெரிந்த இருபது பேரின் எண்கள் இருந்தாலே தொடங்கிவிடலாம். 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வட்ஸ்அப் பிஸ்னஸ்’ என்னும் செயலி இலவசமானது. பொருள்களின் படத்தையும் விலையையும் அதிற் பட்டியலாக வைக்கலாம்.

குழு அமைப்பதிலும் ‘புரோட்காஸ்ட்’ எனப்படும் பட்டியலை அமைப்பதே விற்பவருக்கு நன்று. குழுவில் ஒருவர் விலை குறைத்துக் கேட்பதை எல்லாரும் காண்பர். அதன்பின் அந்தக் குறைந்த விலையே எல்லார்க்கும் விலையாகிவிடும். பட்டியலின் மூலம் அனுப்பும் செய்தியோ, 256 எண்கள் வரை, ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே சென்று சேரும். விற்பவரின் எண்ணைத் தம் தொலைபேசியிற் பதிந்து வைத்திருப்போர்க்கு மாத்திரமே அச்செய்தி கிடைக்கும் என்பதை மறத்தலாகாது. ஆதலின் முதன்முறை காயைக் கையளிக்கும்போதே எண்ணைப் பதிந்துகொள்ளுமாறு வாங்குபவரைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

செய்தியை அறுவடைக்கு முந்திய நாள் மாலையிலேயே அனுப்புதல் வேண்டும். பொருள், நிறை, விலை, கையளிக்கும் இடம், கடைசி நேரம் என்னும் ஐந்தும் அதில் இருந்தாற் போதும். கட்டளை கிடைத்த அளவுக்கே மறுநாட் காலை பறிக்கலாம். எஞ்சிய போஞ்சி கொடியில் மேலும் ஒருநாள் நிற்கும். சாக்கில் இருப்பதினும் அங்கு இருப்பது மேல். இரண்டு மூன்று நாள் விட்டால் நார் பற்றிவிடுமாதலின் அதற்குமேல் விடலாகாது.

தோட்டத்து மக்கள் பலர் சிங்களத்தில் நன்கு பேசுவர், எழுத அறியார். அவர்கள் எழுத்தை விடுத்துக் குரற்செய்தியாக அனுப்பலாம். பதுளைக் கடைக்காரருக்கு அதுவே எளிதாகவும் இருக்கும். மற்றொன்று: வீட்டில் ஒரே தொலைபேசி இருந்து, அதனையும் மகன் வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால், வந்த கட்டளையை மாலையில் பார்த்துப் பயனில்லை. தொலைபேசி யாரிடத்தில் இருக்கும் என்பதை முன்னரே வீட்டில் முடிவு செய்துகொள்ளல் வேண்டும். சைகை கிடைக்கும் மேட்டுக்கு நாளுக்கு இருமுறை யார் போய் வருவது என்பதும் அப்படியே.

விலை கூறுமுன், கெப்பெட்டிபொல, தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையங்களின் மொத்த விலையைக் கேட்டறிதல் வேண்டும். ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் சந்தை விலைகளை வெளியிட்டு வருகின்றது. மொத்த விலைக்கும் நகரத்துச் சில்லறை விலைக்கும் இடைப்பட்டதொரு விலையைக் கூறினால் இருபாலார்க்கும் இலாபமுண்டு.

சில வாரம் கெடாதிருக்கும் பொருள்கள்

உருளைக்கிழங்கு, மிளகு, கோப்பி, நாற்று, பூங்கன்று போன்றவற்றுக்கு முன்பின் அறியாத புதிய கொள்வனவாளரைத் தேடலாம்; அதற்கு முகநூல் ஏற்றது. பதுளை, பண்டாரவளைப் பகுதிகளில் வாங்குவோரும் விற்போரும் கூடும் குழுக்களில் விளம்பரத்தை இடலாம். தமிழில் மட்டும் எழுதினால் வாங்கக்கூடியோரிற் பெரும்பாலார்க்கு அது எட்டாது. சிங்களத்திலும் எழுதுதல் இன்றியமையாதது. படத்தைக் காலை வெளிச்சத்தில், தராசுக்கு அருகே பொருளை வைத்து எடுக்கலாம். பிறர் எடுத்த அழகிய படத்தை இட்டு வேறு பொருளைக் கொடுப்பவர்க்கு அடுத்த முறை விற்பனை இல்லை. விருப்பக் குறிகளின் தொகையை விற்பனையென்று மயங்குவதும் தவறு. பணங் கட்டி விளம்பரம் செய்ய விரும்புவோர், முதலில் இலவசமாக இட்ட செய்தியால் எதுவும் விற்றதா என்று பார்த்து, பின்னரே அண்மை நகரங்களுக்கு மட்டும் எல்லை வகுத்துச் சிறு தொகையைச் செலவிடலாம்.

தூரத்து வாங்குவோர்

எல்லவுக்கு வரும் வெளிநாட்டார், 1921 இல் கட்டி முடிக்கப்பட்ட தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தின் படத்தைத் தம் நாட்டிலேயே இன்ஸ்டகிராமிற் பார்த்துவிட்டு வருகின்றனர். விடுதி நடத்துவோர்க்கும் அவர்களுக்கு ஸ்ட்ரோபெரி, தேன், தேயிலைப் பொதி விற்போர்க்கும் அத்தளம் பயன்படும். சமூக ஊடகம் அன்றெனினும், கூகிள் வரைபடத்தில் இடத்தைக் குறித்து வைத்தல் அதனிலும் பயனுடையது. டிக்டொக் பார்ப்போர் மிகப் பலர். ஆனால் பார்ப்பவர் எந்த ஊரவர் என்பது விற்பவரின் கையில் இல்லை.

யூடியூப் நீண்ட விளக்கத்துக்கு உரியது. ஊவாத் தேயிலைக்குச் சொல்லத்தக்க செய்தி உண்டு. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றினாலேயே அதன் தனி மணம் உண்டாகின்றது. 1890 இல் அப்புத்தளைக்கு அருகே தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன், தேயிலையைச் சிறு பொதிகளாக்கித் தம் பெயரை அச்சிட்டு விளம்பரம் செய்தே உலகப் புகழ் பெற்றார். கொழுந்து பறித்தோரின் பெயர் எந்தப் பொதியிலும் இருக்கவில்லை. இன்று சிறுதோட்ட உரிமையாளர் ஒருவர், தம் தேயிலை உருவாகும் விதத்தை ஐந்து நிமிடப் படமாகத் தாமே காட்டுதல் கூடும். ஆயினும் தேயிலையைப் பொதிசெய்து விற்குமுன் தேயிலைச் சபையிடம் விதிகளைக் கேட்டறிதல் வேண்டும். எவ்வகை உணவுப் பொதிக்கும் 1980 ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்துக்கு அமைவான சுட்டுத்துண்டு தேவை.

தளங்கள் தடைப்படும்போது

2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரிலிலும், 2022 ஏப்ரில் 3 ஆம் திகதியும் இந்நாட்டில் சமூக ஊடகங்கள் அரசினால் தடைசெய்யப்பட்டன. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி முகநூல், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகெங்கும் பல மணிநேரம் ஒருங்கே செயலிழந்தன; மூன்றும் ஒரே நிறுவனத்துக்கு உரியவை. முகநூல் நின்றால் வட்ஸ்அப் உண்டு என்று அன்று நம்பியிருந்தோர் இரண்டையும் இழந்தனர்.

பணம் அனுப்பியதாகக் காட்டும் படத்தை மாத்திரம் நம்பிப் பொருளைக் கொடுத்தலாகாது. வங்கிக் கணக்கில் பணம் சேர்ந்ததை உறுதிசெய்தல் வேண்டும். தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவர் கேட்பினும் சொல்லலாகாது. பயிர் பற்றிய ஐயங்களை விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் இலக்கத்திற் கேட்கலாம்.

வாங்குவோரின் பெயர், தொலைபேசி எண், வாங்கும் பொருள், வாங்கும் கிழமை, தரவேண்டிய பாக்கி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளல் வேண்டும். தளங்கள் தடைப்பட்ட நாளில், அதைப் பார்த்துச் சாதாரண அழைப்பு எடுத்தே போஞ்சியை விற்றுவிடலாம்.