பேசின் பிரிட்ஜில் ஒரு ஹாலிபட்!

சென்ட்ரலுக்கு வரும் ரயில் வண்டிகளுக்குப் பேசின் பிரிட்ஜ் மீது தனிப் பிரியம் உண்டு. பெட்டி படுக்கையை வாசலுக்கு நகர்த்திக்கொண்டு நாம் நிற்போம், வண்டியும் நின்றுவிடும்! அப்படி நின்ற ஒரு காலை நேரத்தில்தான், பிளாட்பாரத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்கார அம்மாளைப் பார்த்து என் மகள் கூவினாள்:

"அப்பா, அந்த மீனுக்கு ஒரு கண்ணு உச்சந்தலையிலே ஏறியிருக்கு!"

"அது எருமை நாக்கு, கண்ணு. நடு முள்ளுதான், கொயந்தைங்க பயமில்லாம துன்னலாம்" என்றார் அந்த அம்மாள்.

காசிமேட்டிலிருந்து வந்த அந்தத் தட்டை மீனை லேசாக எண்ணிவிடாதீர்கள், வாசகர்களே! மேல்நாட்டார் வாய் ஓயாமல் பேசும் 'ஹாலிபட்' மீனுக்கு அது தூரத்து உறவு. ஆங்கிலத்தில் அதன் பெயரே 'இந்திய ஹாலிபட்'தான்.

அலாஸ்காவில் கோடை வந்தால் குடும்பம் குடும்பமாக வாடகைப் படகில் ஏறி ஹாலிபட் பிடிக்கப் போவார்கள். நீங்களும் போயிருப்பதாக வைத்துக்கொள்வோம். கனமான ஈயக் குண்டோடு இரை கடலடிக்குப் போகிறது. திடீரென்று தூண்டில் வளைகிறது. அப்பா இழுக்கிறார், அண்ணன் இழுக்கிறான், கை ஓய்ந்துபோகிறது. கடைசியில் மேலே வருவது மீனா, வீட்டுக் கதவா என்று சந்தேகம் வந்துவிடும்! 1996-ஆம் ஆண்டு டச்சு ஹார்பரில் தூண்டிலில் சிக்கிய ஒரு ஹாலிபட்டின் எடை 459 பவுண்டு. அதாவது சுமார் 208 கிலோ. நம் எருமை நாக்கோ இரண்டு அடி நீளத்தைத் தாண்டுவதே அபூர்வம்.

அது சரி, கண் ஏன் இடம் மாறுகிறது? குஞ்சாக இருக்கும்போது இவற்றுக்கும் மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒரு கண்தான். வளர வளர, மணலில் ஒருக்களித்துப் படுக்கும் வாழ்க்கை தொடங்குகிறது. அடியில் அழுந்தும் கண்ணால் என்ன பிரயோசனம்? ஆகவே அது மெல்ல மறுபக்கத்துக்குக் குடிபெயர்கிறது. ஹாலிபட்டுக்குப் பயணம் முழுதாக முடிகிறது. எருமை நாக்கின் கண்ணோ உச்சந்தலை ஓரத்திலேயே நின்றுவிடுகிறது; சென்ட்ரலுக்கு முன்னால் நம் வண்டி நின்ற மாதிரி!

இன்னொரு சங்கதி கேளுங்கள். தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் வசம் இருந்த நாளில், ஜான் என்ற பாதிரியார் நம் கடல் மீன்களைப் பெர்லினிலிருந்த பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பிவந்தார். பிளாக் 1799-இல் காலமானார். அவருடைய மீன் நூலை ஷ்னைடர் என்பவர் முடித்து 1801-இல் வெளியிட்டார். தரங்கம்பாடிக் கடலின் இந்த மீனும் அதில் இடம் பெற்றது, நம் செம்படவர் வாயில் வழங்கிய பெயரோடு! இன்றும் விஞ்ஞானிகளுக்கு அது 'செட்டோடஸ் எருமெய்'. நாக்கை விட்டுவிட்டார்கள், எருமை நிலைத்துவிட்டது!

இதை நான் மகளுக்குச் சொல்லி முடிப்பதற்குள், அவள் கூடையின் மூலையைக் காட்டினாள். அங்கே உள்ளங்கை அகலத்தில் நாலைந்து கிடந்தன. "இது அதோட குட்டியா?"

அந்த அம்மாளின் முகம் சற்று வாடியது. "வலையில வந்துடுதும்மா, இன்னா பண்றது?"

கடலடியை வாரி வரும் இழுவலைக்குப் பெரிது சிறிது தெரியாது. அதனால்தான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் நம் கரையில் கட்டிக் கிடக்கின்றன. மீன் பெருகட்டும் என்று காசிமேட்டுக் குடும்பங்கள் இரண்டு மாத வருமானத்தை இழக்கின்றன. அலாஸ்காவிலும், பெரிய ஹாலிபட் அநேகமாகப் பெண் என்பதால், படம் பிடித்துக்கொண்டு கடலிலேயே விட்டுவிடும்படி படகுக்காரர்களே சொல்வதுண்டு.

நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உள்ளங்கை அகல எருமை நாக்கை வாங்காமல் இருக்கலாம். கேட்பார் இல்லாத மீனுக்கு வலை வீசுவார் யார்?

வண்டி நகர்ந்தது. என் மகள் கையசைத்தாள், அந்த அம்மாளுக்கா, மீனுக்கா என்று நான் கேட்கவில்லை.