குப்பையிலே போகிற காசும், கிழிகிற கையும்

“குப்பை வண்டி வந்தாச்சு!” என்று குரல் கேட்டதும் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமே, அந்த வாளிக்குள் என்னென்ன இருக்கிறது என்று என்றைக்காவது நிதானமாகப் பார்த்திருக்கிறீர்களா, சகோதரிகளே? நேற்று வைத்த சாம்பாரின் மிச்சம், அதில் ஊறிய செய்தித்தாள், நாலு பால் கவர், வாழைப்பழத் தோல், உடைந்த கண்ணாடி டம்ளர், தீர்ந்துபோன மாத்திரை அட்டை, மேலாக ஒரு சவர பிளேடு. தனித்தனியாக இருந்தால் இதில் பாதிக்கு மேல் பொருள். சேர்த்துக் கொட்டினால் எல்லாமே நாற்றம்!

நம் அம்மாக்கள் காலத்தில் இந்தப் பிரச்னையே கிடையாது. “பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்” என்று கூவிக்கொண்டு வருவாரே, ஞாபகம் இருக்கிறதா? ஜரிகைப் புடவையைக் கொடுத்து எவர்சில்வர் அடுக்கு வாங்கியவர்கள்தானே நாம்? காய்கறித் தோல் மாட்டுக்கு, தேங்காய் ஓடு வெந்நீர் அடுப்புக்கு, ஹார்லிக்ஸ் பாட்டில் பருப்பு போட்டு வைக்க. மறுசுழற்சி என்ற பெரிய வார்த்தை தெரியாமலே அதைச் செய்து வந்தோம். மாடு போயிற்று, வெந்நீர் அடுப்பு போயிற்று. பிளாஸ்டிக் வந்தது. வழக்கம் விட்டுப்போயிற்று.

சென்னையில் நாங்கள் இருப்பது நாற்பது வீடுகள் உள்ள சின்னத் தெரு. பக்கத்துப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் பெண்கள் ஐந்து பேர், நாட்டு நலப்பணித் திட்ட வேலையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாக வந்தார்கள். கையில் கணக்கு நோட்டு.

“ஆன்ட்டி, உங்க வீட்ல ஒரு நாளைக்கு எத்தனை பால் கவர்?”

“ரெண்டு. ஏம்மா?”

“அப்போ மாசத்துக்கு அறுபது. தெரு முழுக்க ரெண்டாயிரத்து நானூறு. வருஷத்துக்கு 28 ஆயிரத்துக்கு மேல ஆன்ட்டி!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2019 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்து எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபோது, பால், எண்ணெய் உறைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஆக, இந்தக் கவரை நாமாகத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். கழுவிக் காயவைத்த பால் கவரை எங்கள் பேப்பர்காரர் சந்தோஷமாக எடுத்துக்கொள்கிறார். இன்னொன்று: முனையை முழுசாக நறுக்கி எறியாதீர்கள். கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். அந்தச் சின்னத் துண்டை யாரும் பொறுக்குவதில்லை, அது சாக்கடைக்குத்தான் போகிறது. சிப்ஸ் பாக்கெட்டைக் காயலான் கடையில் வாங்க மாட்டார்கள். பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பிரிப்பது கஷ்டம். (அதை வாங்குவதையே குறைத்தால் குழந்தைகளின் வயிற்றுக்கும் நல்லது!)

எல்லா வீட்டிலும் அந்தப் பெண்களுக்கு வரவேற்பு இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்வீட்டு மாமி வாசலிலேயே நிறுத்திவிட்டார். “வரி கட்டறோமோல்லியோ? நாங்க எதுக்குடி பிரிக்கணும்? பிரிச்சுக் குடுத்தாலும் ஒரே வண்டியிலதானே கொட்டறா!”

மாமி சொன்னது சில நாட்களில் உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். 2016-ல் வந்த மத்திய அரசின் விதிகளிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயமான குப்பை என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று இருந்தது. விதி இருந்தும் வண்டியில் எல்லாம் ஒன்றானால் யாருக்குத்தான் அலுப்பு வராது?

பெண்கள் விடவில்லை. மறுநாள் காலை, குப்பை எடுக்க வரும் அம்மாளிடமே போய்க் கேட்டார்கள். நானும் கூட நின்றேன். வண்டியின் பக்கவாட்டில் தொங்கிய சாக்கைக் காட்டினார் அவர். “காஞ்ச பேப்பர், பாட்டில், கவர் தனியா குடுத்தீங்கன்னா இதுல போட்டுக்குவேன்மா. வித்தா டீ செலவுக்கு ஆவும். குழம்புல ஊறினதை யாரு வாங்குவா?” என்றவர், வலது கையை நீட்டினார். கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை தையல் போட்ட தழும்பு. “பொடவைத் துணியில சுத்தின கண்ணாடிம்மா. துணின்னு நெனச்சு அமுக்கிட்டேன். பதினஞ்சு நாள் வேலைக்கு வர முடியல.”

யார் வீட்டுக் கண்ணாடியோ! பெண்கள் அதை மாமியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அன்று சாயங்காலமே மாமி வீட்டு வாசலில் அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. மேலே சிவப்பு மையில், ‘கண்ணாடி, பிளேடு - ஜாக்கிரதை’. உபயோகித்த நாப்கின்களையும் காகிதத்தில் சுற்றி மேலே சிவப்புப் புள்ளி வைத்துத் தனியே கொடுங்கள். ஊசிகளும் தனிதான். டியூப் லைட்டை உடைக்கவே கூடாது. உள்ளே பாதரசம் இருக்கிறது.

மீதி இருப்பது சமையலறைக் கழிவு. எடையில் இதுதான் அதிகம். பக்கத்திலும் அடியிலும் ஓட்டை போட்ட மண்தொட்டி ஒன்று போதும். அடியில் தேங்காய் நார். அதன்மேல் காய்கறித் தோல், காபிப் பொடிச் சக்கை. ஒவ்வொரு தடவையும் மேலே ஒரு பிடி காய்ந்த இலைச் சருகு. வாரம் ஒருமுறை கிளறி, கொஞ்சம் புளித்த மோர் தெளியுங்கள். மீன், கறி மிச்சம் வேண்டாம். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் சருகு போடுங்கள், சரியாகிவிடும். இரண்டு மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு உரம் ரெடி. என் கறிவேப்பிலைச் செடி அதைச் சாப்பிட்டுத்தான் மாடி கைப்பிடிச் சுவர் உயரத்துக்கு வந்திருக்கிறது.

இதே தோலும் சோறும் குப்பை மேட்டில் காற்றில்லாமல் அமுங்கிக் கிடந்தால் மீத்தேன் வாயு உண்டாகிறது. அது எளிதில் தீப்பற்றும். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கில் தீப்பிடித்து நாள் கணக்கில் எரிந்தபோது, சுற்றுப்பட்டுப் பெண்கள் குழந்தைகளை ஜன்னல் மூடிய அறையில் வைத்துக்கொண்டு தவித்தார்கள். அந்தக் கிடங்கு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி இருக்கிறது. பறவைகளுக்குப் பேர்போன இடம்.

இப்போது எங்கள் தெருவில் முப்பத்தொரு வீடுகள் பிரித்துக் கொடுக்கின்றன. மேல் மாடி சார் இன்னும் பிடி கொடுக்கவில்லை, “நேரமில்லை” என்கிறார். தீர்ந்த பேட்டரியை மட்டும் தனியாகத் தருகிறார். அந்த ஐந்து பெண்களுக்கும் அடுத்த வருடம் பிளஸ் டூ, பரீட்சை வந்துவிடும். கணக்கு நோட்டை ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். முதல் பக்கத்திலேயே மாமி தன் கையால் எழுதி வைத்திருக்கிறார்: ‘ஒன்பது வீடு பாக்கி.’