கால் இல்லாத மரமும் மறதிக்கார அணிலும்

மரத்தையும் அணிலையும் எப்படிப்பா ஒப்பிடுறதுன்னு கேட்கிறீங்களா? ரெண்டுமே அமெரிக்காவில் ஒரே காட்டில் வாழ்பவை. ஒன்று அழிகிறது, இன்னொன்று பெருகுகிறது. ஏன்? வாங்க பார்ப்போம்.

மரத்தின் பெயர் புளோரிடா டொரேயா. ஊசியிலை மர வகை. இலையைக் கசக்கினால் குப்புன்னு ஒரு நாற்றம் வரும்! அணிலின் பெயர் சாம்பல் அணில். நம்ம ஊர் அணில் மாதிரி முதுகில் கோடு கிடையாது; உருவத்திலும் பெரியது.

இடம்: டொரேயா இயற்கையாக வளர்வது புளோரிடாவில் அப்பலாச்சிக்கோலா ஆற்றங்கரைச் சரிவுகளிலும், அதை ஒட்டிய ஜார்ஜியா எல்லையிலும் மட்டுமே. சாம்பல் அணிலோ கிழக்கு அமெரிக்கா முழுவதும் உண்டு. 1876-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள், அங்கேயும் பெருகிவிட்டது.

சந்ததி: அணில் வருஷத்துக்கு இரண்டு முறைகூடக் குட்டி போடும். டொரேயாவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை முற்றவே இரண்டு வருஷம் ஆகும்.

ஆபத்து: அணில் ஆபத்து வந்தால் ஓடிவிடும். மரம் எங்கே ஓடும்? பூஞ்சை நோய் தாக்கி, 1950-களுக்குள் பெரிய டொரேயா மரங்கள் மடிந்துபோயின. வேரிலிருந்து புதுத் தளிர் வருகிறது. ஆனால் காய்க்கும் வயது வருவதற்குள் அதுவும் பட்டுப்போகிறது. 1984-இல் அமெரிக்க அரசு இதை அழியும் இனமாக அறிவித்தது.

இப்போதுதான் முக்கியமான விஷயம். அணில் கொட்டைகளை ஒவ்வொன்றாக மண்ணில் புதைத்து வைக்கும். சிலவற்றை எடுக்காமலே விட்டுவிடும். அவை முளைத்து மரமாகும். அதாவது, அணிலின் மறதிதான் மரத்துக்குக் கால்! ஆனால் டொரேயா காய்த்தால்தானே அணில் புதைக்கும்? விதை இல்லை, அதனால் காலும் இல்லை.

2008-இல் சில ஆர்வலர்கள் டொரேயா கன்றுகளை வடக்கே குளிரான வடகரோலினா மலைப்பகுதியில் நட்டார்கள். அணில் செய்கிற வேலையை மனிதர்கள் செய்தார்கள். 'கன்றோடு நோயும் போய், அங்குள்ள மரங்களுக்கும் பரவினால்?' என்று சில விஞ்ஞானிகள் எதிர்க்கிறார்கள். அதுவும் நியாயமான கேள்விதான்.

நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? மரத்தை இருக்கிற இடத்திலேயே காப்பாற்றப் பார்ப்பீங்களா, வேறு இடத்தில் நடுவீங்களா? யோசித்து நண்பர்களோடு பேசுங்கள்!