வசாய் கோட்டையில் கூரை இல்லாத மடங்கள்

சர்ச்கேட்டில் விரார் ரெயில் ஏறி வசாய் ரோட்டில் இறங்கினால், பஸ்சில் போகும் தூரத்தில் கடலோரக் கோட்டை. உள்ளே நடந்துதான் பார்க்க வேண்டும்.

1534-ல் போர்ச்சுக்கீசியர் கைக்கு வந்த ஊர் இது. பிரான்சிஸ்கன், டொமினிக்கன், ஏசு சபைத் துறவிகள் கோட்டைக்குள் தனித்தனியே மடம் கட்டினார்கள். இன்று சுவர் உண்டு; கூரை இல்லை. பிரான்சிஸ்கன் மடத்துக் கோவில் தரையில் போர்ச்சுக்கீசிய எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்கள் கிடக்கின்றன. அவற்றை மிதிக்காமல் ஓரமாக நடப்பதே மரியாதை.

1739-ல் சிமாஜி அப்பாவின் மராட்டியப் படை கோட்டையைப் பிடித்தது. இங்கிருந்து போன மணி ஒன்று நாசிக் நாரோசங்கர் கோவிலில் தொங்குகிறது. மாதா கோவில் பாழாயிற்று; மணிக்கு வேலை போகவில்லை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தண்ணீரும் கட்டுச்சோறும் கையோடு இருக்கட்டும். சுவரில் பெயரைக் கீற வேண்டாம். அங்கே ஏற்கனவே கீறியிருப்பவர்களே அதிகம்.